மாப்பிள்ளைக்கு ஏழரை

வா மாப்ளே. குட்டி யானையை அந்தப் புளியமரத்தடியில ஓரங்கட்டு. ரோட்டுமேல நிறுத்தாத. மலையிலிருந்து இறங்கற பஸ்ஸுக்காரன் 70 வளைவையும் ஒடிச்சு ஒடிச்சுக் கை சலிச்சு வருவான். காரவள்ளிச் சமநிலத்தைப் பார்த்ததும் அவனுக்கு ஒரு குஷி வந்துரும், எதிர்ல நிக்கறது யானையா பூனையான்னு பார்க்க மாட்டான். உக்காரு. டீ சொல்லிட்டேன். பலா லோடா? அதான் அரை மைலுக்கு முன்னாலயே வாசம் வந்துச்சு.

நேத்து ராத்திரி உங்கம்மா போன் பண்ணினா. எடுத்ததும் அழுகை. “அண்ணா, உன்ற மாப்ளே பாப்பாவை...”ன்னு ஆரம்பிச்சா, மேல பேச்சு வரலை. எனக்குக் கையும் ஓடலை, காலும் ஓடலை. “பாப்பாவுக்கு என்னம்மிணி ஆச்சு?”ன்னு கத்திட்டேன். “பாப்பாவுக்கு ஒண்ணும் ஆகலைண்ணா, கவருமெண்டுப் பள்ளிக்கூடத்துல சேர்க்கப் போறானாம்”னா. எழவுச் சேதி சொல்ற குரல் தெரியுமா, அதே குரல். “நாளைக்கு லோடு ஏத்திட்டு உன்ற கடைப் பக்கமாத்தான் வருவான், நீ நாலு வார்த்தை சொல்லித் திருத்தண்ணா”ன்னு என்கிட்ட ஒப்படைச்சிருக்கா. கூடப்பிறந்தவ பேச்சைத் தட்ட முடியுமா? அதனால இப்ப நான் உன்னைத் திருத்தப் போறேன். டீயைக் குடிச்சுக்கிட்டே திருந்து.

முதல்ல அந்த வேன் விஷயம். காலையில 7 மணிக்கு உன்ற வீட்டு வாசல்ல வந்து நின்னு மஞ்சள் வேன் ஒரு ஹாரன் அடிக்குதே, அது பாப்பாவைக் கூப்பிடறதுக்குன்னா நினைச்சுக்கிட்டு இருக்கே? தெருவைக் கூப்பிடறதுக்கு மாப்ளே. ‘இந்த வீட்டுக்காரன் ஃபீஸு கட்டியிருக்கான், எட்டிப் பாருங்க’ன்னு தண்டோரா போடறதுக்கு. கவருமெண்டுப் பள்ளிக்கூடத்துக்குப் புள்ள டவுன் பஸ்ஸுல இலவச பாஸைக் காட்டிட்டு, சத்தமில்லாம போயிட்டுச் சத்தமில்லாம வந்துரும். அப்பறம் உன்ற கையில நாலு காசு இருக்கறது ஊருக்கு எப்படித் தெரியும்? உன்ற கொழுந்தியா வீட்டு விசேஷத்துல “பாப்பா எங்க படிக்குது?”ன்னு கேப்பாங்க. இத்தனை நாளா நீ சொன்ன பேர்ல ‘இன்டர்நேஷனல்’னு ஒரு சொல்லு இருந்துச்சு. அந்த வேன் நாமக்கல்லைத் தாண்டி ஒரு நாளும் போனதில்லைங்கறது வேற விஷயம். சொல்றதுக்கு வாய் நெறைய இருந்துச்சா இல்லையா? அதை விட்டுப்போட்டு வர்றேங்கறியே.

அப்பறம் அந்த டை. சித்திரை வெயிலுல, மாடே நிழல் தேடற நேரத்துல, நம்ம புள்ள மட்டும் கழுத்துல சுருக்குப் போட்டுக்கிட்டு வேன்ல வேகுமே, அது ஒரு அழகு. இந்த டை எதுக்குன்னு நான் ஒருத்தர்கிட்டக் கேட்டேன். வெள்ளைக்காரன் ஊர்ல குளிருக்காம். நம்ம ஊர்ல கௌரவத்துக்காம். குளிரு மாசி வந்தா போயிரும். இது எந்த மாசத்துலயும் போகாது போல.

ஃபீஸைப் பத்தி நான் பேசவே இல்லை. நாமக்கல்காரனுக்கு விலை ஏறி இறங்கறதை நான் சொல்லித் தரணுமா? முட்டை விலையை ஒருங்கிணைப்புக் குழு சொல்லுது. ஒரு நாள் பத்துப் பைசா ஏறுது, புரட்டாசி வந்தா இறங்குது. ஃபீஸு இறங்குன புரட்டாசி எதையாவது நீ பார்த்திருக்கியா? அதான் கேட்டேன். ஏறினது ஏறினபடியே நிக்கற ஒரே சரக்கு அது. அப்படிப்பட்ட உறுதியான சரக்கை விடலாமா?

சிரிக்காத. உனக்குச் சொல்ல எனக்குத் தகுதி இருக்கு. 2004ல என்ற பையனை +1க்குக் கொண்டுபோய் நாமக்கல் பக்கம் ஒரு விடுதிப் பள்ளிக்கூடத்துல தள்ளினவன் நான். ரெண்டு எருமை, மூணு வருஷத்துப் பலா மகசூல், உங்க அத்தையோட காசுமாலை, எல்லாம் அந்த ஒரு கேட்டுக்குள்ள போச்சு. தூத்துக்குடிக்காரன், திருநெல்வேலிக்காரன்லாம் டிரங்குப் பெட்டியோட வந்து வரிசையில நிக்கறான். நமக்கு உள்ளூர்லயே கிடைச்சிருக்குதேன்னு எனக்கு ஒரே பெருமை. மாசத்துல ஒரு ஞாயித்துக்கிழமை பார்க்க விடுவாங்க. உங்க அத்தை கச்சாயம் சுட்டுத் தூக்குப் போசியில எடுத்துக்கிட்டு வந்தா. பையனைக் கூட்டியாந்தாங்க. என்னைப் பார்த்ததும் விறைச்சு நின்னு “குட் மார்னிங் சார்”னான். அப்ப மணி சாயங்காலம் 4. அவனுக்கு மணியும் தெரியலை, அப்பனும் தெரியலை. உங்க அத்தை பஸ்ஸு ஏறி சேந்தமங்கலம் வர்ற வரைக்கும் முந்தானையை வாயில இருந்து எடுக்கலை.

ஊரு பூராவும் அதைப் ‘பிராய்லர் பள்ளிக்கூடம்’னு சொல்லுது. எனக்கு அந்தப் பேர்ல ஒரு மனக்குறை உண்டு. பிராய்லரு பல்லடத்துப் பக்கத்துச் சரக்கு. நாமக்கல் கூண்டுல நிக்கறது முட்டைக்கோழி, லேயரு. பிராய்லருகூடப் பரவாயில்லை மாப்ளே, தரையில தேங்காநாருமேல நாலு எட்டு நடக்கும், ஆறு வாரத்துல கதை முடிஞ்சிரும். லேயரு அப்படியா? ஒரு வருஷத்துக்கும் குறையாத கூண்டு வாசம். ஒண்ணையொண்ணு கொத்திக்காம இருக்கக் குஞ்சிலயே மூக்கு நுனியை வெட்டிவிட்டுருவாங்க. பகல் பத்தலைன்னு இருட்டினதுக்கப்பறமும் லைட்டு. எடை போட்டுத் தீவனம். முட்டை குறைஞ்சா கூண்டு காலி. விடுதிக்குள்ள நான் பார்த்தது இதைத்தான். விடியக்காலம் நாலரைக்கு மணி, ராத்திரி 11 வரைக்கும் டியூப்லைட்டு, பரீட்சைமேல பரீட்சை. அதனால பேரை மாத்தி ‘லேயர் பள்ளிக்கூடம்’னு வெக்கணும்னு ரொம்ப நாளா சொல்லிக்கிட்டு இருக்கேன். ஒருத்தனும் கேக்கறதில்லை.

அங்க பதினொண்ணாவது புத்தகம்னு ஒண்ணு வாங்கிக் குடுப்பாங்க. அதைத் தொடவே மாட்டாங்க. ரெண்டு வருஷமும் +2 பாடந்தான். அப்ப +1க்குப் பொதுத்தேர்வு இல்லை, கேக்கறதுக்கு ஆளும் இல்லை. அப்பறம் 2017ல ஒரே சமயத்துல மூணு அடி விழுந்துச்சு. மாநிலத்துல முதல் ரேங்க்குன்னு பேர் வாசிக்கறதை நிறுத்திப்போட்டாங்க. அந்தப் படிப்பு வருஷத்துலிருந்தே +1க்கும் பொதுத்தேர்வுன்னாங்க. டாக்டருக்குப் படிக்க +2 மார்க்கு செல்லாது, நீட்டு எழுதுன்னாங்க. ரோட்டோரம் பேனர்ல சிரிச்சுக்கிட்டு இருந்த முதல் ரேங்க்குப் புள்ளைங்க ஒரே வருஷத்துல மாயமாப் போயிட்டாங்க, கவனிச்சியா? 2025ல மாநிலக் கல்விக் கொள்கைன்னு ஒண்ணு போட்டு, அந்த +1 பொதுத்தேர்வும் வேண்டாம்னுட்டாங்க. பாவம், பதினொண்ணாவது புத்தகம். இப்பத்தான் கண்ணு முழிச்சிருந்துச்சு.

என்ற பையன் நெறைய மார்க்கு வாங்கினான், இல்லைங்கலை. இன்ஜினியரிங் காலேஜுக்குப் போனதும் முதல் வருஷமே மூணு பாடம் நின்னுபோச்சு. என்னடான்னா, “அப்பா, இதெல்லாம் பதினொண்ணாவதுல வர்ற பாடம்”னான். எருமை ரெண்டையும் நினைச்சுக்கிட்டேன்.

சரி, அதை விடு. உன்ற கதைக்கு வா. நீ கொள்கைக்காகக் கவருமெண்டுப் பள்ளிக்கூடத்துக்கு வர்றேன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியறியாம். என்கிட்ட அந்த லோடை இறக்காத. பாப்பா இப்ப அஞ்சாவது முடிச்சிருக்கா. ஆறாவதுலிருந்து 12 வரைக்கும் கவருமெண்டுல படிச்சாத்தான் அந்த ஏழரை சதவீதம். 2020ல சட்டம் போட்டாங்களே, மருத்துவப் படிப்புல நூத்துக்கு ஏழரை இடம் அரசுப் பள்ளிப் புள்ளைங்களுக்குன்னு. மறுவருஷம் இன்ஜினியரிங், வேளாண்மை, கால்நடை, சட்டம் எல்லாத்துக்கும் அதை இழுத்துவிட்டாங்களே, அதுதானே உன்ற கொள்கை? கரெக்ட்டா ஆறாவது வாசப்படியில வந்து நிக்கறியே, இவ்வளவு துல்லியமா எந்த ஜோசியக்காரனும் முகூர்த்தம் குறிச்சுத் தர முடியாது. மத்த சீமையில ஏழரைன்னா சனி வந்து மனுசனைப் பிடிக்கும். நம்ம சீமையில மனுசன் ஓடிப்போய் ஏழரையைப் பிடிக்கறான். திருநள்ளாறு போகவேண்டிய ஏழரை இல்லை இது, தேடி வந்து ஒக்காந்திருக்கற ஏழரை. ஆனா ஒண்ணு, ஏழரை வந்ததால நீட்டு போயிடலை, அது அப்படியேதான் நிக்குது. அதை உன்ற கணக்குல எழுதிக்க.

தப்புன்னு சொல்லலை மாப்ளே. ஆசை எந்த வாசல் வழியா வந்தாலும் வரட்டும். 2022 செப்டம்பர்லிருந்து புதுமைப் பெண்ணுன்னு இருக்கு, அதையும் சேர்த்துக்க. ஆறாவதுலிருந்து கவருமெண்டுல படிச்ச பொண்ணு காலேஜுக்குப் போனா மாசம் 1,000 ரூபாய் அவ பேர்ல பேங்க்குல விழும். அப்பன் கையில இல்லை, அவ பேர்ல. பசங்களுக்கும் 2024ல தமிழ்ப் புதல்வன்னு ஆரம்பிச்சாங்க. ஆனா ஒரு காரியத்துல நீ ஏமாந்துட்டே. காலைச் சாப்பாடு. 2022ல மதுரையில ஆரம்பிச்சு, மறுவருஷம் ஊரு பூராவும் வந்துச்சே, உப்புமா, கிச்சடி, பொங்கல்னு. அது அஞ்சாவது வரைக்குந்தான். அஞ்சு வருஷமா உன்ற புள்ள காலையில வேனுக்குப் பயந்து ரெண்டு வாய் பிஸ்கோத்தை முழுங்கிட்டு ஓடினா. நீ கௌரவத்தைத் தின்னுட்டு இருந்த நேரத்துல பக்கத்து வீட்டுப் புள்ள சுடச்சுடப் பொங்கல் தின்னுச்சு. சரி, மத்தியானம் முட்டை இருக்கு, வாரத்துக்கு அஞ்சு. நாமக்கல்லுல பொறந்துட்டு நாமக்கல் முட்டையைப் பள்ளிக்கூடத்துல திங்காமலே வளர்ந்த புள்ளன்னு ஒரு பேரு இருந்துச்சு, அதாவது போகும்.

நான் சாப்பாட்டுக்காகப் படிச்சவன். 1956, 57ல காமராசர் மதியச் சோறு போட ஆரம்பிச்சப்பத்தான் எங்கப்பன் என்னைக் கொண்டுபோய் விட்டார். “படிக்கறானோ இல்லையோ, ஒரு வேளை மிச்சம்”னார். பொறவு அமெரிக்காக்காரன் பால் பவுடரு வந்துச்சு. கரைச்சுக் குடுத்ததைக் குடிக்கறதுக்குள்ள பாதியை உள்ளங்கையில கொட்டி நக்கிருவோம். நாக்கு மேலண்ணத்துல ஒட்டிக்கும், வாத்தியார் கேள்வி கேட்டா பதில் வராது. பதில் தெரியாதவனும் தெரிஞ்சவனும் அந்த நேரத்துல சரிசமம். அதைவிட நல்ல சமத்துவத்தை நான் பொறவு பார்க்கலை.

கட்டடம் சரியில்லையேன்னு உங்கம்மா சொன்னா. நாமக்கல் ஆஞ்சநேயரு 18 அடி ஒசரம், தலைக்குமேல கூரையே இல்லாம வெயிலுலயும் மழையிலயும் நிக்கறார். ஏ.சி. இல்லையேன்னு எவனாவது கும்பிடாம திரும்பி வந்திருக்கானான்னு கேட்டேன். “அவரு சாமி, பாப்பா புள்ள”ன்னா. அதுக்கு என்கிட்டப் பதில் இல்லை. உங்கம்மா சில சமயம் சரியாப் பேசிருவா.

இங்கிலீஷு வராதேன்னு பயப்படறியா? கவருமெண்டுலயும் 2012லிருந்து இங்கிலீஷ் மீடியம் தனியா நடக்குது, நீ அங்கதான் சேர்ப்பேன்னு எனக்குத் தெரியும். ஆனா பாப்பாவைக் கேட்டியா நீ? யாராச்சும் கேட்டீங்களா? போன வாரம் இங்க வந்திருந்தா. இந்த பெஞ்சுமேலதான் உக்காந்து பன்னு தின்னுக்கிட்டு இருந்தா. குரங்கு ஒண்ணு வந்து பக்கத்துல குந்திருச்சு. பாப்பா “கோ அவே, கோ அவே”ங்கறா, அது அவளையே பார்க்குது, இன்னும் கிட்ட வருது. நான் “ஏய், போ அக்கட்ட”ன்னேன், போயிருச்சு. அப்ப அவ கேட்டா: “தாத்தா, புதுப் பள்ளிக்கூடத்துல தமிழ்ல பேசினா ஃபைன் உண்டா?” கிடையாது கண்ணுன்னேன். “எவ்வளவு பேசினாலும்?” எவ்வளவு பேசினாலும். கொஞ்ச நேரம் யோசிச்சா. “அப்ப நான் நெறைய பேசுவேன் தாத்தா”ன்னா. அஞ்சு வருஷமா அந்தப் புள்ள பேச வேண்டியதை ஒரு மூட்டை கட்டி வெச்சிருக்கு மாப்ளே. உன்கிட்ட ஃபீஸு வாங்கினாங்க, அவகிட்டப் பேச்சை வாங்கிக்கிட்டாங்க.

டி.சி. குடுக்க மாட்டேங்கறாங்களாமே? ஒரு டேர்ம் பாக்கி இருக்குன்னு பிடிச்சு வெச்சிருக்காங்க, அதானே? பாக்கியைக் கட்டாதன்னு நான் சொல்ல மாட்டேன். வாங்கினது வாங்கினதுதான், பலா வித்ததும் கட்டிரு. ஆனா அந்தச் சீட்டைக் காட்டி உன்னைக் கட்டிப்போட முடியாது. 2009 கல்வி உரிமைச் சட்டத்துல அஞ்சாம் பிரிவு என்ன சொல்லுதுன்னா, டி.சி. வர்றதுக்குத் தாமதம்னு புதுப் பள்ளிக்கூடத்துல புள்ளையைச் சேர்க்காம இருக்கக் கூடாது. எட்டாவது வரைக்கும் இது செல்லும். 2024 ஜூலையில மெட்ராஸ் ஐகோர்ட்டும் சொல்லிப்போடுச்சு, டி.சி.ங்கறது பாக்கி வசூலிக்கற கருவி இல்லை, அதுல ‘ஃபீஸ் பாக்கி’ன்னு எழுதறதும் கூடாதுன்னு. எனக்கு எப்படித் தெரியும்ங்கறியா? டீக்கடையில உக்காந்திருக்கறவனுக்குத் தெரியாதது வக்கீலுக்கும் தெரியாது. எல்லா பேப்பரும் முதல்ல வடை மடிக்க இங்கதான் வருது.

இப்ப நிஜமா ஒரு வார்த்தை சொல்றேன். டிரைவரு கிட்டப் பேசற மாதிரியே சொல்றேன். இந்த மலையில இறங்கறதுக்கு உனக்கு யாரு என்ன சொல்லிக் குடுத்தாங்க? ஏறின கியர்லயே இறங்கணும். சரிதானே? டீசலு மிச்சம் பிடிக்கறேன்னு நியூட்ரல்ல விட்டா என்னாகும்? பிரேக்கு காயும், புகை வரும், 40வது வளைவுல நீ வளையறதுக்கு முன்னால வண்டி நேராப் போயிரும். தனியார்லிருந்து கவருமெண்டுக்குப் புள்ளையைக் கூட்டியாறவன் நூத்துக்குத் தொண்ணூறு பேரு நியூட்ரல்லதான் இறங்கறான் மாப்ளே. அங்க இருந்த வரைக்கும் நீ எப்படி இருந்தே? டைரியில தினமும் கையெழுத்து. மீட்டிங்குன்னா இஸ்திரி போட்ட சட்டை. வேன் அஞ்சு நிமிசம் தாமதமானா டிரைவருக்கு நாலு போன். ஒரு மார்க்கு குறைஞ்சா மேடம்கிட்டப் போய் நின்னே. காசு கட்டிட்டமேன்னு நின்னே. இங்க ஃபீஸு இல்லை, அதனால நமக்குக் கேக்கற பாத்தியதையும் இல்லைன்னு நினைச்சுக்குவே. புள்ளையை வாசல்ல இறக்கிவிட்டுட்டுப் போனா, அப்பறம் பத்தாவது ரிசல்ட்டு அன்னைக்குத்தான் அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பே.

கவருமெண்டுப் பள்ளிக்கூடத்துல குறையில்லைன்னு சொன்னா என்ற நாக்கு அழுகிரும். வாத்தியார் பணியிடம் காலியாக் கிடக்கும். ஒரே டீச்சரு ரெண்டு மூணு வகுப்பை ஒண்ணா உக்கார வெச்சு மேய்ப்பாங்க. பாடம் நடத்தற நேரத்துல செல்போன்ல வருகைப் பதிவு, முட்டைக் கணக்கு, செருப்புக் கணக்குன்னு மேல அனுப்பிக்கிட்டு இருப்பாங்க. கக்கூஸ்ல தண்ணி வராது. மேல மலையில வேலை போட்டா, போற வாத்தியார் 70 வளைவையும் விரல் விட்டு எண்ணிக்கிட்டே ஏறுவார். கவுன்சிலிங் வந்ததும் எண்ணாம இறங்கிருவார். இதெல்லாம் ஏன் இப்படியே கிடக்குதுன்னு நான் ரொம்ப நாளா யோசிச்சேன். விடை ரொம்பச் சின்னது. சத்தம் போடத் தெரிஞ்சவன் பூராப் பேரும் வேன் ஏறிப் போயிட்டான். மிச்சம் இருக்கற ஜனம், ‘ஏனுங் டீச்சர்’னு வாசல்லயே செருப்பைக் கழட்டிப்போட்டு நிக்கற ஜனம். அதுங்க என்ன கேக்கும்? ஏன், அந்த டீச்சருங்க பெத்த புள்ளைங்களே எந்த வேன்ல போகுதுன்னு ஒரு நாள் எட்டிப் பாரு.

பக்கத்து ஈரோட்டுல 2011ல ஆனந்தகுமாருன்னு ஒரு கலெக்டரு இருந்தார். குமலன்குட்டை பஞ்சாயத்து யூனியன் பள்ளிக்கூடத்துல தன் மகளை ரெண்டாவதுல கொண்டுபோய்ச் சேர்த்தார். நாடு பூராவும் பேசுச்சு. எல்லாரும் அவரோட எளிமையைப் புகழ்ந்தாங்க. நான் வேற ஒண்ணை நினைச்சேன். கலெக்டரு பொண்ணு படிக்கற பள்ளிக்கூடத்துல கக்கூஸுக் கதவு கழண்டு கிடந்தா எத்தனை நாளைக்குக் கிடக்கும்? வடக்கே அலகாபாத் ஐகோர்ட்டு 2015ல இதையே தீர்ப்பா எழுதுச்சு: கவருமெண்டுச் சம்பளம் வாங்கறவங்க புள்ளைங்க கவருமெண்டுப் பள்ளிக்கூடத்துலதான் படிக்கணும்னு. தீர்ப்பு ஃபைல்ல பத்திரமா இருக்கும். நல்ல தீர்ப்பையெல்லாம் நம்ம நாட்டுல நெம்பப் பத்திரமா வெச்சுக்குவாங்க.

கொரோனாவுல என்னாச்சு? வேலை போச்சு, ஆன்லைன் கிளாஸுக்கு ஃபீஸு கட்டி நொந்துபோய், ஜனம் குடும்பம் குடும்பமா கவருமெண்டுப் பக்கம் வந்துச்சு. ‘அசர்’னு கிராமம் கிராமமா ஒரு கணக்கு எடுக்கறாங்க. இந்தியா பூராவும் கிராமத்துல 6 வயசுலிருந்து 14 வரைக்கும், 2018ல நூத்துக்கு 65.6 புள்ளைங்க கவருமெண்டுப் பள்ளிக்கூடத்துல இருந்துச்சு. 2022ல அது 72.9. ஆகா, ஏழு பேரு வந்துட்டாங்கன்னு மாலை போட எடுத்தாங்க. 2024ல பார்த்தா 66.8. வந்த ஏழு பேர்ல ஆறு பேரு திரும்பி வேன் ஏறிட்டாங்க. அவங்களை நான் குறை சொல்லலை, கையில நாலு காசு வந்ததும் போயிட்டாங்க. ஆனா ரெண்டு வருஷம் இருந்தாங்களே, அந்த ரெண்டு வருஷத்துல ஒரு நாளாவது அந்தக் கக்கூஸுக் கதவைத் தட்டிப் பார்த்தாங்களா?

நிமிந்து பாரு, மேல. அந்த மலையில இருக்கற புள்ளைங்களுக்கு இந்த ரோசனையே கிடையாது. உண்டு உறைவிடப் பள்ளிக்கூடம் உண்டு, இல்லைன்னா ஊருக்குள்ள இருக்கற ஒண்ணு உண்டு. தனியார்லிருந்து கவருமெண்டுக்கா, கவருமெண்டுலிருந்து தனியாருக்கான்னு ராத்திரி தூங்காம புரள்றதுக்கு ரெண்டு பள்ளிக்கூடமாவது வேணுமில்ல? அதுங்க அப்பன்மாரு மிளகு காய வெச்சுக்கிட்டு இருப்பாங்க. அங்க வாத்தியார் வந்தா படிப்பு, வராட்டி பலாக்கொட்டை.

அதனால சொல்றேன். நீ வாயாடி. உன்ற வாய்க்கு செக்போஸ்ட்டே பயப்படுது. போன மாசம் சுமைக்கூலியில 50 ரூபா கூடக் கேட்டான்னு மண்டிக்காரனை ஒரு மணி நேரம் நிறுத்தி வெச்சே. அந்த வாயைக் கொண்டுபோய் அங்க உபயோகப்படுத்து. பள்ளி மேலாண்மைக் குழுன்னு ஒண்ணு இருக்கு. முக்கால்வாசிப் பேரு பெத்தவங்களா இருக்கணும், பாதிப் பேரு பொம்பளைங்களா இருக்கணும்னு சட்டத்துலயே எழுதியிருக்கு. கூட்டம் கூப்பிட்டா பாதி நாற்காலி காலியா கிடக்குதாம். பொங்கலுக்குப் பம்பு செட்டு மோட்டாரைத் தூக்கிக் குட்டி யானையில ஏத்தினியே, அந்தக் கையோட பள்ளிக்கூடத்துத் தண்ணித் தொட்டியையும் ஒரு நாள் பார்த்துக் குடு. குழாய் வெறுமனே காத்துத்தான் விடுதாம், உன்ன மாதிரி.

எனக்கு எப்படித் தெரியும்னா... நீ கோவிச்சுக்காதே. ராசிபுரத்தம்மிணி திங்கக்கிழமையே இங்க வந்துச்சு. உன்ற பொஞ்சாதிதான், வேற யாரு? “மாமா, அவரு ஏழரை, ஏழரைன்னு ஏழரை மாசமா யோசிச்சுக்கிட்டே இருக்காரு, பள்ளிக்கூடம் தொறந்துரும் போல”ன்னுச்சு. நானும் அதும் பாப்பாவும் ஒரே ஆட்டோவுல போயிட்டு வந்துட்டோம். ஹெட்மாஸ்டரம்மா தங்கமான மனுஷி. பாப்பாவை ரெண்டு வரி படிக்கச் சொன்னாங்க, படிச்சா. தமிழ்ல ஒரு கதை சொல்லுன்னாங்க, இவ ஆரம்பிச்சவ நிறுத்தவே இல்லை. அந்தம்மா மத்தியானச் சாப்பாட்டு நேரம் வரைக்கும் கன்னத்துல கை வெச்சுக் கேட்டுக்கிட்டு இருந்தாங்க. ஃபாரம் எல்லாம் எழுதியாச்சு. உன்ற கையெழுத்து ஒண்ணுதான் பாக்கி. இந்தா, வெத்தலைப் பெட்டிக்கு அடியில இருக்கு. பலாப் பாலு கையைத் தொடைச்சுட்டு எடு, பிசுபிசுன்னு ஒட்டப் போகுது.

இரு, போன் அடிக்குது. உங்கம்மாதான். சத்தம் போடாத, ஸ்பீக்கர்ல போடறேன்.

“ஆமா அம்மிணி, வந்தான், இங்கதான் இருக்கான். சொன்னேன் சொன்னேன், ஒண்ணு விடாம சொன்னேன். வேனு, டை, ஃபீஸு, மானம், எல்லாத்தையும் எடுத்துச் சொன்னேன். கேக்கற ஆளா உன்ற மகன்? பிடிவாதக்காரன் அம்மிணி, அப்படியே உன்ன மாதிரி. கையெழுத்தே போட்டுட்டான். ஆமா, என்ற கண்ணு முன்னாலயே. நான் என்ன பண்ணட்டும், நீயே சொல்லு. சரி, அழுகாத, முட்டை குடுக்கறாங்களாம், வாரம் அஞ்சு...”

என்ன மாப்ளே முழிக்கறே? போடு கையெழுத்தை. பேனா அங்க வடைத்தட்டுப் பக்கத்துல கிடக்குது பாரு. அப்படியே ரெண்டு டீக்கும் காசைக் குடுத்துட்டுப் போ.